பஸ்ஸில் போகும்போது லேப்டாப்புக்கு நெட்: கையில் இருக்கும் போனே போதும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரு மடிவாளாவில் சேலம் பஸ் ஏறிய பிறகும் ஆபீஸ் வேலை விடாது. அதற்காகத் தனியாக டாங்கிள் (லேப்டாப்பில் செருகும் நெட் கருவி) வாங்க வேண்டாம். போனில் இருக்கும் நெட்டையே லேப்டாப்புக்குக் கொடுக்கலாம்.

முதலில் ஹாட்ஸ்பாட், அதாவது போன் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் வசதி. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து 'ஹாட்ஸ்பாட்' என்று தேடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கும், அதனால் தேடுவதுதான் சுலபம். பாஸ்வேர்டு போட்டு ஆன் செய்து, லேப்டாப்பின் வைஃபை பட்டியலில் உங்கள் போன் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பெயரே தெரியவில்லையா? போனில் ஹாட்ஸ்பாட்டின் பேண்டை (வைஃபை அலைவரிசையை) 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு மாற்றிப் பாருங்கள். பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 5 எட்டாது.

ஆனால் பஸ்ஸில் நான் சிபாரிசு செய்வது கேபிளைத்தான். ஹாட்ஸ்பாட் போன் பேட்டரியைக் குடித்துவிடும். கேபிளில் போட்டால் நெட்டும் வரும், போனும் சார்ஜ் ஏறும். போனை லேப்டாப்பில் செருகி, அதே மெனுவில் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். அந்த வரி மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றுங்கள். மலிவான சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் போகும், டேட்டா போகாது.

சரி, இனிமேல்தான் முக்கியமான வேலை. வைஃபை கிடைத்துவிட்டது என்று நினைத்து விண்டோஸ் பின்னால் அப்டேட்டுகளை இறக்க ஆரம்பிக்கும். தினம் 1.5 ஜிபி பேக் என்றால் ஓசூர் வருவதற்குள் காலியாகிவிடலாம். அப்புறம் வேகம் 64 கேபிபிஎஸ். ஒரு மெயில் திறக்கவே திண்டாட வேண்டும். அதனால் கனெக்ட் ஆனதும் லேப்டாப்பின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அந்த இணைப்பைத் திறந்து, 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை (இந்த நெட்டுக்கு அளவு உண்டு என்று விண்டோஸுக்குச் சொல்லும் வசதி) ஆன் செய்யுங்கள். கேபிளில் போட்டிருந்தால் அது வைஃபை பக்கம் இருக்காது, 'ஈதர்நெட்' என்ற பெயரில் இருக்கும். இதைச் செய்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் நின்றுவிடும், ஃபைல்களை ஆன்லைனில் சேமிக்கும் ஒன்டிரைவும் அவற்றை ஏற்றுவதை நிறுத்தி வைக்கும். பெரிய ஃபைல்களை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டியதும் சில போன்களில் சிக்னல் பக்கத்தில் 'ஆர்' (ரோமிங்) என்று தெரியும், நெட் நின்றுவிடும். சிம் செட்டிங்ஸில் 'டேட்டா ரோமிங்' ஆன் செய்தால் திரும்ப வந்துவிடும்.