ட்ரிப் ஆகுதுன்னு பெரிய எம்சிபி போடாதீங்க

போன வாரம் ஒரு வீட்டு வேலைக்கு கூட வந்த பையன், டிபி பாக்ஸை (கரண்ட் லைனெல்லாம் பிரியுற பெட்டி) திறந்து பாத்ததும் பையிலருந்து 32 ஆம்பியர் எம்சிபி ஒண்ணை எடுத்தான். எம்சிபின்னா கரண்ட் அளவுக்கு மீறி போனா தானா விழுந்து லைனை கட் பண்ற சுவிட்ச், அது விழுறதைத்தான் ட்ரிப்னு சொல்றோம். "இந்த 16 வீக்கா இருக்குண்ணே, 32 போட்டா ட்ரிப் ஆகுறது நின்னுரும்"னான். எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு, ஏன்னா இதே வார்த்தைய நானும் ஒருகாலத்துல ஒரு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிருக்கேன். வீட்ல தீப்பிடிக்காம இருக்க நான் பாத்த தப்புங்களைத்தான் சொல்றேன்; விளக்கை ஸ்க்ரீன் துணிகிட்ட வைக்காதீங்க, தீப்பெட்டிய குழந்தை கைல குடுக்காதீங்கன்னெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, அது உங்க வீட்டு பாட்டியே சொல்லிருப்பாங்க.

எம்சிபிய பெருசாக்குறது

தொழிலுக்கு வந்த புதுசு. பெட்ரூம் லைன் அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு கூப்டாங்க. 16ஐ கழட்டிட்டு 32 மாட்டுனேன், பத்து நிமிஷ வேலை, ட்ரிப் ஆகுறது நின்னுச்சு, அந்தம்மா காபி குடுத்து "தம்பி கைராசிக்காரன்"னு வேற சொன்னாங்க. அந்த லைன்ல என்னென்ன ஓடுதுன்னு நான் எண்ணிக்கூட பாக்கல. ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர், 2000 வாட்ஸ் கீசர் கிட்டத்தட்ட ஒம்போது, அயன் பாக்ஸ் நாலுக்கு மேல, ஃபேன் லைட்டெல்லாம் சேத்தா 22கிட்ட வரும். சுவத்துக்குள்ள போயிருந்தது 1.5 ஸ்கொயர் வயர், அதாவது உள்ள இருக்குற கம்பியோட குறுக்களவு 1.5 சதுர மில்லிமீட்டர். பைப்புக்குள்ள கிடக்குற அந்த வயர் தாங்குறது சுமாரா 15 ஆம்பியர்தான். அதுலயும் கரண்ட் ரெட்டிப்பானா சூடு நாலு மடங்காகும். 32 எம்சிபிக்கு 22லாம் ஒரு லோடே கிடையாது, அது அசையாம நிக்கும், வயர் உள்ள வெந்துகிட்டே இருக்கும்.

ஆறு மாசம் கழிச்சு போன். "ஏதோ ரப்பர் கருகுற வாடை வருது தம்பி." போய் ஜங்ஷன் பாக்ஸை திறந்தா இன்சுலேஷன் பாகு மாதிரி உருகி ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கிடக்கு, இழுத்தா வரல, பைப்போட சேந்து இறுகிப்போச்சு. அதுக்கு ஒரு முழம் கீழ பரண்ல பழைய பேப்பர் கட்டு. சுவத்தை ஒடச்சு, ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர்ல தனித்தனி லைன் இழுத்து, பூசி, பெயிண்ட் அடிச்சு, அவ்ளோவும் என் கைக்காசு. இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

எம்சிபி இருக்குறது வயரை காப்பாத்த. வயர் சைஸை பாக்காம அதை மாத்துறவன் எலக்ட்ரிஷியனே இல்ல. ட்ரிப் ஆனா முதல்ல லோடை எண்ணுங்க, அப்புறம் லைனை பிரிங்க. பழைய வீட்ல பியூஸ் போகுதுன்னு கேரியர்ல வயர் இழைய நாலு மடிப்பா முறுக்கி வைக்கிறதும் இதே கதைதான். "எங்க வீட்ல ஆர்சிசிபி இருக்கே"ன்னு சிலபேர் சொல்வாங்க. அது கரண்ட் எர்த்துக்கு கசிஞ்சா விழும், ஓவர்லோடு அதுக்கு தெரியவே தெரியாது.

லூஸ் கனெக்ஷன்

இதுக்கு எந்த எம்சிபியும் விழாது, ஏன்னா கரண்ட் அதிகமா போகல, ஸ்க்ரூ இறுகாத அந்த ஒரு இடம் மட்டும்தான் கொதிக்குது. ப்ளக்கை உருவும்போது பின் சுட்டாலோ, சாக்கெட் ஓட்டை பழுப்பேறி இருந்தாலோ, சுவிட்ச் கிர்ர்னு சத்தம் போட்டாலோ அன்னைக்கே ஆளை கூப்டுங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

6 ஆம்பியர் பாக்ஸ்ல இண்டக்ஷன் அடுப்பு போடாதீங்க. அவ்ளோதான்.

வாணலில தீப்பிடிச்சா

தண்ணி ஊத்தாதீங்க. அடுப்பை நிறுத்திட்டு தட்டை போட்டு மூடுங்க.

கேஸ் வாடை

இது என் தொழில் இல்ல, ஆனா எங்காளுங்களே பண்ற தப்பு. வாடை வருதுன்னதும் எக்ஸாஸ்ட் ஃபேனை போடுறாங்க. சுவிட்சை போட்டாலும் பொறி, அணைச்சாலும் பொறி. எல்பிஜி காத்தை விட கனம், தரையோட தரையா தேங்கும், அதனால ஜன்னல் மட்டும் பத்தாது, வாசக்கதவையும் நல்லா திறந்து விடணும். ரெகுலேட்டரை ஆஃப் பண்ணுங்க, எல்லாரும் வெளிய வாங்க, வந்தப்புறம் கேஸ் கசிவுக்கான அவசர நம்பர் 1906க்கு போன் பண்ணுங்க, உள்ள நின்னுகிட்டு போனை நோண்டாதீங்க.