ஓடுகிற ஸ்ட்ரைக்கரை ஃபிளாஷில் பிடிப்பது எப்படி

எங்கள் காசிமேடு பக்கம் சாயங்காலமானால் கேரம் போர்டு சத்தம் கேட்காமல் இருக்காது, 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இந்த வட சென்னைப் பெண்தான். அதிவேகப் படம் பழக நான் ஸ்ட்ரைக்கரைத்தான் சொல்வேன்.

எல்லாரும் முதலில் ஷட்டர் வேகத்தைத்தான் கூட்டிப் பார்ப்பார்கள். அதை விடுங்கள். ஜன்னலில் போர்வையைக் கட்டி, தெருவிளக்கு உள்ளே வராமல் அறையை நன்றாக இருட்டாக்கி, ஷட்டரை 2 நொடி திறந்தே வையுங்கள். இருட்டில் எதுவும் பதியாது, ஃபிளாஷ் மின்னுகிற அந்தக் கணம்தான் படம். அப்போ குறைக்க வேண்டியது மின்னும் நேரத்தை.

அதற்கு ஃபிளாஷின் பவரை 1/128-க்கு, அதாவது முழு பவரில் 128-இல் ஒரு பங்குக்கு இறக்குங்கள். ஃபிளாஷுக்குள் மின்னுகிற செனான் வாயுக் குழாய்க்குப் போகிற மின்சாரம் பாதியிலேயே வெட்டப்படும், வெளிச்சம் மங்குவதோடு நேரமும் சுருங்கும். முழு பவரில் ஏறக்குறைய 1/1000 நொடி எரிவது, 1/20000 நொடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது என்று வைத்தால், முன்னதில் 5 மில்லிமீட்டர் இழுத்துக்கொண்டு பதியும், பின்னதில் கால் மில்லிமீட்டர்தான். வெளிச்சம் போதாதே என்றால் ஃபிளாஷை அரை மீட்டருக்குள் கொண்டுவந்து ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றுங்கள், பவரை மட்டும் ஏற்றாதீர்கள்.

அடுத்து டைமிங். ஸ்ட்ரைக்கர் மோதுகிற 'டக்' சத்தம் கேட்டு ஃபிளாஷைக் கையால் அழுத்தினால் காயின் எல்லாம் சிதறி முடிந்திருக்கும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில், சத்தத்தை உணரும் சவுண்ட் சென்சாரும், அது கேட்டதும் ஃபிளாஷை மின்னவைக்க ஆர்டுயினோ என்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டும் வாங்கி, ஆப்டோ கப்ளர் (மின் இணைப்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சில்லு) வழியாக ஃபிளாஷை இணையுங்கள், நேரடியாக வேண்டாம், பழைய ஃபிளாஷ்களின் டிரிக்கர் வோல்டேஜ் ஆர்டுயினோ போர்டையே எரித்துவிடும். ஃபிளாஷைக் கழற்றிப் பார்க்கவும் கூடாது, உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல்கூட தேங்கி நிற்கும்.

இந்த யோசனை புதிதல்ல. 1851-லேயே புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பாட் சுழலும் தட்டில் ஒட்டிய செய்தித்தாளை ஒரு மின்பொறி வெளிச்சத்தில் படமாக்கினார். 1930-களில் அமெரிக்கப் பொறியாளர் எட்ஜர்டன் அந்தப் பொறியை வாயுக் குழாய்க்குள் கொண்டுவந்தார். இன்றைக்கு ஆய்வகங்களில் விட்டு விட்டு மின்னும் துடிப்பு லேசர்கள் நானோ நொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு), ஃபெம்டோ நொடி (அதிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை போய்விட்டன. வேகம் கூடக் கூட விளக்கைத்தான் மாற்றிக்கொண்டே வருகிறார்கள், இயற்பியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கடைசியாக, ஃபிளாஷைப் பக்கவாட்டில், பலகை மட்டத்துக்கே தாழ்த்தி வையுங்கள். காயினில் ஸ்ட்ரைக்கர் மோதும்போது எழும்புகிற போரிக் பவுடர் ஒவ்வொரு துகளாகத் தெரியும்.