மூக்கு வழி ஆபரேஷனுக்கு முன் சிடியில் என்ன பார்ப்பது

சைனஸோ பிட்யூட்டரி (மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி) கட்டியோ, எண்டோஸ்கோப்பை உள்ளே விடுவதற்கு முன்னால் சிடி படத்தை நீங்களே உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள். ரிப்போர்ட்டில் நோய் இருக்கும். இந்த ஆளுக்கு மண்டையோட்டின் அடித்தளம் எப்படி அமைந்திருக்கிறது என்பது பல நேரம் ஒரு வரியோடு போய்விடும், ஆனால் கத்தி வைக்கும் நமக்கு அதுதான் முக்கியம்.

முதலில் கொரோனல், அதாவது முகத்துக்கு நேராக வெட்டிய படம். எத்மாய்டு (கண்களுக்கு நடுவிலுள்ள காற்றறைகள்) கூரையிலிருந்து கிரிப்ரிபார்ம் தட்டு (மூக்குக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள சல்லடை போன்ற எலும்பு) எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். 1962இல் கெரோஸ் என்ற ஆய்வாளர் பிரித்த கணக்குதான் இன்றும் கைகொடுக்கிறது: 1 முதல் 3 மி.மீ. முதல் வகை, 4 முதல் 7 இரண்டாவது, 8 முதல் 16 மூன்றாவது. ஆழம் கூடக்கூட, பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும் எலும்பும் அதிகமாக வெளியே தெரியும். அது சில இடங்களில் 0.05 மி.மீ.தான், முட்டை ஓடுகூட அதைவிடத் தடிமன். கருவி லேசாக இடித்தாலே மூளைநீர் கசியும். அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது இடதும் வலதும் ஒரே உயரத்தில் இல்லாத ஆட்கள்தான், ஏனென்றால் ஒரு பக்கத்தை நல்லபடியாக முடித்த கை அதே ஆழத்தை நம்பி அடுத்த பக்கமும் போய்விடும். இரண்டு பக்கத்து அளவையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

அதே படத்தில் கண்குழியின் உள்சுவரில் சின்ன மூக்குபோல ஒரு முனை தெரியும். முன் எத்மாய்டு தமனி அங்கேதான் வெளியே வருகிறது. அது கூரையை ஒட்டி ஓடினால் சரி. கூரைக்கும் அதற்கும் நடுவில் காற்று தெரிந்தால் தமனி தொங்குகிறது என்று அர்த்தம். அறுந்தால் உள்பக்கமாகச் சுருங்கிக் கண்குழிக்குள் இரத்தம் கட்டும், உடனே அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வையே போகலாம்.

அப்புறம் ஸ்பீனாய்டு, மூக்கின் பின்கோடியில் இருக்கும் காற்றறை. கொரோனலில் அதற்குள் கிடைமட்டமாக ஒரு தடுப்பு தெரிந்தால், மேலே இருப்பது பெரும்பாலும் ஓனோடி செல் (ஸ்பீனாய்டின் மேல் நீண்டு வந்த பின் எத்மாய்டு அறை), பார்வை நரம்பு அதன் சுவரிலேயே ஓடலாம். அங்கே கீழாகவும் நடுக்கோட்டை ஒட்டியும் போங்கள். ஆக்ஸியலில் (கிடைமட்டமாக வெட்டிய படம்) ஸ்பீனாய்டின் நடுத்தடுப்பு பின்னால் எங்கே போய் ஒட்டுகிறது என்று பாருங்கள்: மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியின் மேல் முடிந்தால் அந்தத் தடுப்பைப் பிடித்துத் திருகவே கூடாது, டிரில்லால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சிலருக்குத் தமனியின் மேல் எலும்பே இருக்காது. காற்றறையே உருவாகாத ஸ்பீனாய்டு என்றால் வழிகாட்டும் அடையாளம் எதுவும் கிடைக்காது, நேவிகேஷனை (கருவியின் முனை எங்கே இருக்கிறது என்று சிடி படத்தில் காட்டும் வசதி) முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.