படுத்ததும் வந்து நிற்கும் பாக்கி வேலைகள்: தலையை விட்டு இறக்கி வைக்கும் வழி

பகல் முழுக்க எங்கே இருந்ததோ தெரியாது, விளக்கை அணைத்துப் படுத்ததும் ஒவ்வொன்றாக வரும். கேஸ் இணைப்புக்குக் கைரேகை வைக்கச் சொல்லி வந்த குறுஞ்செய்தி, அப்பாவின் வங்கிக் கணக்கில் நாமினி போடாமல் இருப்பது, கொஞ்ச நாளாகக் கூசும் கடைவாய்ப் பல், சித்தி அனுப்பி இன்னும் பதில் போடாத வாட்ஸ்அப், பையனின் பள்ளியில் கேட்ட சாதிச் சான்றிதழ். தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவுமே பெரிய விஷயம் இல்லை, ஆனால் ராத்திரி பதினொன்றரை மணிக்கு எல்லாம் சேர்ந்து வரும்போது வாழ்க்கையே கைமீறிப் போய்விட்ட மாதிரி நெஞ்சு அடைக்கும். "சும்மா யோசிச்சிட்டே இருக்காதே, தூங்கு" என்பார் பக்கத்தில் படுத்திருப்பவர். எப்படி யோசிக்காமல் இருப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த மாதிரிக் கவலைகளில் பெரும்பகுதி உங்கள் மனசு பலவீனமாக இருப்பதால் வருவதில்லை. எப்போது செய்யப்போகிறோம் என்று முடிவு பண்ணாமல் விட்ட வேலைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. முடிக்காத வேலை என்று சொல்லவில்லை, கவனியுங்கள், முடிவு பண்ணாத வேலை. 1927-இல் புளூமா ஸெய்கார்னிக் என்ற உளவியலாளர், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடிந்த வேலைகளைவிட நன்றாக ஞாபகத்தில் நிற்கின்றன என்று எழுதினார். அது எல்லாச் சூழலிலும் அப்படியே பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எனக்கு முக்கியமாகப் படுவது 2011-இல் மாசிகாம்போ, பவுமைஸ்டர் என்ற இருவர் வெளியிட்டது. பாக்கி வேலை மனசைத் தொந்தரவு செய்வதை நிறுத்த அதை முடிக்க வேண்டியதில்லை, எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்த நச்சரிப்பு அடங்கிவிடுகிறது என்று அவர்களுடைய சோதனைகளில் தெரிந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு வங்கிக்குப் போக முடியாது, ஆனால் என்றைக்குப் போவது என்று முடிவு செய்ய முடியும்.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டும் பேனாவும். போன் வேண்டாம், போனைத் திறந்தால் நீங்கள் எழுதப் போக மாட்டீர்கள், ரீல்ஸ் பார்க்கத்தான் போவீர்கள். சாப்பிட்டு முடித்து, படுக்கப் போவதற்கு முன்னால், படுக்கையில் உட்காராமல் வேறு எங்காவது உட்கார்ந்து ஐந்து நிமிடம் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம், வரிசைப்படுத்த வேண்டாம், தலையில் இருப்பதைக் கொட்டினால் போதும். 2018-இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் குழுவினர் 57 இளைஞர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பாதிப்பேர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியதையும், மற்றவர்கள் ஏற்கெனவே செய்து முடித்ததையும் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் காசா பணமா, ஒரு தாள்தானே.

அந்த "விவரமாக" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "வங்கி வேலை" என்று எழுதினால் அது வேலையே இல்லை, அது ஒரு மலைப்பு. அதைப் பார்த்ததும் மனசு ஒதுங்கும். நாமினி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பல வீடுகளில் வருடக்கணக்காக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போவது இதுதான். 10 வருடம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கி பராமரிக்கும் தனி நிதிக்குப் போய்விடும். வாரிசுகள் அதற்குப் பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் நாமினி இல்லையென்றால் வாரிசுகள் யார் யார் என்று காட்டும் காகிதங்களுக்கு அலைய வேண்டியிருக்கும், அதுவும் வீட்டில் ஒருவர் போன துக்கத்தோடு. இவ்வளவு பெரிய தொல்லையைத் தடுப்பது ஒரு தாளில் போடும் ஒரு கையெழுத்து. அப்படியானால் நோட்டில் எழுத வேண்டியது இப்படி: "புதன்கிழமை காலை டிபன் முடிந்ததும், அப்பாவின் பாஸ்புக்கை பீரோவிலிருந்து எடுத்துப் பையில் வைப்பது." அவ்வளவுதான். அடுத்த வரி, "வியாழன் பதினொரு மணிக்கு அப்பாவோடு வங்கிக் கிளைக்குப் போய் நாமினி படிவம் கேட்பது." பாஸ்புக்கை எடுத்து வைப்பது ஒரு வேலையா என்று தோன்றலாம். ஆமாம், வேலைதான். பல நேரம் நாம் தள்ளிப்போடுவதற்குக் காரணமே, எங்கே ஆரம்பிப்பது என்று கைக்குப் பிடிபடாததுதான். முதல் அசைவு என்ன என்பதை உடம்பால் செய்யக்கூடிய ஒரு செயலாக எழுதிவிட்டால் மலைப்பு பாதி குறையும்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா, "டிபன் முடிந்ததும்" என்று எழுதினேன். "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதியிருந்தால் அந்த நேரம் கிடைக்கவே போவதில்லை. தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தின் பின்னால் புது வேலையைக் கட்டிவிடுங்கள். காபி குடித்ததும், பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டதும், கடையைத் திறந்து விளக்கேற்றியதும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார், "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள், வெறுமனே "செய்வேன்" என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். கொட்டி எழுதியதில் நாளைக்கென்று மூன்று வேலைக்கு மேல் எடுக்காதீர்கள். பத்து எடுத்து இரண்டு முடித்தால் மனசு அந்த எட்டைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

போன் பண்ணப் பயப்படுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. வங்கிக்கு, டாக்டர் கிளினிக்குக்கு, பாக்கி கேட்க வேண்டிய ஆளுக்கு. எடுத்ததும் என்ன பேசுவது என்று தெரியாத பயம்தான் அது, அதற்கு வழி முதல் வாக்கியத்தை எழுதிக் கையில் வைத்துக்கொள்வது. "வணக்கம் சார், எங்கப்பா சேமிப்புக் கணக்குல நாமினி சேர்க்கணும், என்னென்ன கொண்டு வரணும்?" இதைப் பார்த்து அப்படியே வாசிக்கலாம், வாசிப்பது அந்தப் பக்கம் தெரியாது. அவர்கள் சொல்வதை அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இந்த மாதிரி அழைப்பு ஒன்றை முடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க ஒரு தெம்பு இருக்கும்.

சரி, எழுதிப் பார்த்தால் சில கவலைகளுக்கு முதல் அசைவே கிடைக்காது. பொண்ணுக்கு வேலை கிடைக்குமா, ஆபரேஷன் நல்லபடியாக முடியுமா, வயசான காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள். இவற்றைத் திட்டத்துக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள், அடங்காது. இவற்றுக்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்கலாம், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஆறரை, மொட்டை மாடியோ திண்ணையோ ஒரே இடத்தில். மற்ற நேரத்தில் அந்த எண்ணம் வந்தால் விரட்ட வேண்டாம், "ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை குறித்துவிட்டு கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். ஆறு மணிக்கு உண்மையாகவே உட்கார்ந்து கவலைப்படுங்கள், ஏமாற்றினால் மனசு அடுத்த தடவை உங்களை நம்பாது. 1980-களிலேயே தாமஸ் போர்கோவெக் என்பவர் சோதித்துப் பார்த்த முறை இது. முதல் வாரம் செயற்கையாகத்தான் இருக்கும், விடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் தூக்கம் வராத ராத்திரிகள் இருக்கத்தான் செய்யும். அப்போது படுக்கையில் கிடந்து புரளாதீர்கள். இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று தோன்றினால் (கடிகாரம் பார்க்க வேண்டாம், உத்தேசமாகப் போதும்) எழுந்து வேறு அறைக்குப் போங்கள், ஒரே அறை வீடென்றால் பாயை விட்டு எழுந்து சுவரோரம் உட்காருங்கள். மங்கலான வெளிச்சத்தில் துணி மடிக்கலாம், பழைய பத்திரிகை படிக்கலாம். கண் சொருகும்போது மட்டும் திரும்பப் படுங்கள். 1972-இல் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்த இந்த முறையைத் தூக்கமின்மைக்கான சிகிச்சையில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கிற இடம் என்று உடம்பு பழகிவிடுகிறது, அந்தப் பழக்கத்தை முறிப்பதுதான் நோக்கம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும். இதுதான் கஷ்டமான பகுதி, பலனும் இதில்தான்.

அப்புறம் காபி. குடித்த காபியில் இருக்கும் காஃபீனில் பாதியளவு உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். சாயங்காலம் ஐந்தரைக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி, பத்தரைக்கும் உங்களுக்குள் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம், டீக்கும் அதேதான். நெஞ்சு படபடவென்று அடித்தால் மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், ஒரு ஐந்து நிமிடம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும், அதை நீட்டுவதால்தான் படபடப்பு தணிகிறது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், "கொஞ்சமா ஊத்திக்கிட்டா தூக்கம் வரும்" என்பவர் பேச்சையும் கேட்காதீர்கள். மது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் அன்றாடக் கவலைக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறது, பசி போய்விட்டது, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் அதோடு சரி, குளிக்கக்கூட மனசு வரவில்லை என்றால் நோட்டும் பேனாவும் போதாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, சீட்டு வாங்கிக்கொண்டு நேரே போகலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் இதற்கும் முதல் வாக்கியத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: "ரொம்ப நாளா தூக்கம் இல்லை, மனசு சரியில்லை, யார்கிட்டயாவது பேசணும்." அவ்வளவு சொன்னால் போதும், மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.