இரண்டு கௌபாய்களின் காதலை எழுதுவது எப்படி

முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். ஆணும் ஆணும் காதலிக்கும் கௌபாய் கதை என்றதும் பலர் குதிரையையும் செவ்வானத்தையும் கொண்டு தொடங்குகிறார்கள். நான் காலண்டரைப் பார்ப்பேன். இந்தக் கதையில் பயத்தின் அளவைத் தீர்மானிப்பவை ஆண்டும் மாநிலமும்தான்.

தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் 1977இலேயே நீக்கிவிட்டது. வடக்கு எல்லையைத் தாண்டினால் மொன்டானா. அங்கே மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் தலையிடும்வரை அந்தச் சட்டம் செல்லுபடியாக இருந்தது. டெக்சஸில் 2003 வரை. ஆனால் சட்டம் போய்விட்டது என்பதற்காக ஊர் மாறிவிடவில்லை. 1998 அக்டோபரில், அதே வயோமிங்கின் லாரமி நகருக்கு வெளியே, மாத்யூ ஷெப்பர்டு என்ற 21 வயதுத் தன்பாலீர்ப்பு மாணவரை அடித்து நொறுக்கி, ஒரு மரவேலியில் கட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். சில நாட்களில் அவர் மருத்துவமனையில் இறந்தார். 2014 அக்டோபரில் அதே மாநிலத்தில் ஆணும் ஆணும் திருமணம் செய்துகொள்வது சட்டப்படி செல்லும் என்றானது. நடுவே பதினாறு ஆண்டுகள். உங்கள் நாயகனின் இளமை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். கதை 2015இல் நடக்கிறது, அவனுக்கு நாற்பது வயது என்றால் 1998இல் அவனுக்கு இருபத்து மூன்று. அந்த இலையுதிர் காலத்தில் அவன் ஏதோ ஒரு பண்ணையில் முள்கம்பி வேலி சரிசெய்துகொண்டிருந்திருப்பான். செய்தி யார் வாயால் அவன் காதுக்கு வந்தது? சொன்னவர் கடைசியாக என்ன சேர்த்துச் சொன்னார்? அவர் கெட்டவராகவே இருக்க வேண்டியதில்லை. சிறுவயதில் இவனுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்த பெரியப்பாவாக இருக்கட்டும். அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டால் காயம் கிடைத்துவிடும். குடிகாரத் தந்தை, எரிந்த வீடு என்று வேறெங்கும் தேட வேண்டாம்.

காயத்தை விவரிக்காதீர்கள். அந்தக் காயத்தால் அவன் எதைச் செய்யாமல் விடுகிறான் என்று காட்டுங்கள். விடியற்காலையில் ஊர்ப் பண்ணைக்காரர்கள் எல்லாம் காபிக்குக் கூடும் இடத்துக்கு அவன் போவதில்லை. தீவனக் கடைக்குக் கடை சாத்தும் நேரத்தில்தான் போகிறான். யார் முதுகிலும் தட்டிக்கொடுப்பதில்லை. இப்படி மூன்று போதும், வாசகர் மிச்சத்தைப் புரிந்துகொள்வார்.

அடுத்தது, நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காத இடம். காதலன் மருத்துவன் அல்ல. ஒரு முத்தத்தில் பத்து வருட வலி தீர்ந்துவிடுகிற கதைகள் ஏராளமாக வருகின்றன. வலியோடு வாழ்ந்த எவரும் அவற்றை நம்ப மாட்டார்கள். மனம் ஆறுவதற்கு நாட்கள் வேண்டும், அந்த நாட்களில் கைக்கு வேலை வேண்டும். நல்லவேளையாகப் பண்ணையில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. கன்று ஈனும் பருவம், சூடு போடும் பருவம், தீவனப்புல் அறுவடை, இலையுதிர் காலத்தில் மலை மேய்ச்சலிலிருந்து மாடுகளை இறக்குவது என்று வருடம் தானே அத்தியாயங்களாகப் பிரிந்து கிடக்கிறது. சிவகாசிக் காமிக்ஸ்களில் கௌபாயைச் சந்தித்த நமக்குக் கையில் துப்பாக்கி இல்லாமல் அவனை நினைக்கவே வராது. நிஜப் பண்ணையில் அதைவிட அதிகம் கையில் இருப்பது வேலிக் குறடு.

வயோமிங்கில் வேலை பார்த்த காலத்தில், நண்பர் ஒருவரின் பண்ணையில் கன்று ஈனும் பருவத்து இரவுக் காவலுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று எலும்பைத் துளைக்கும். தலையீற்றுக் கிடேரிகளை இரவெல்லாம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். முன்னங்கால் குளம்புகள் இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் கன்று சரியாக வருகிறது. அப்படியும் வெளியே வராவிட்டால் கால்களில் சங்கிலி மாட்டி, தாய் முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி இழுக்க வேண்டும். விழுந்த கன்று மூச்சு விடவில்லையென்றால் ஒரு வைக்கோல் துரும்பை மூக்கினுள் விட்டுக் கிளறுவார்கள். தும்மிக்கொண்டு மூச்சை இழுக்கும். குளிரில் விறைத்துப்போனதை பிக்கப் வண்டியில், ஹீட்டருக்கு அடியில் கிடத்துவார்கள். பிழைத்தாலும் சிலவற்றுக்குக் காது நுனி உறைந்து உதிர்ந்துவிடும். வளர்ந்த பிறகும் அந்த மொட்டைக் காது அப்படியே இருக்கும்.

இதில் ஒரு காரியம் உங்கள் கதைக்காகவே காத்திருக்கிறது. கன்றை இழந்த பசு ஒன்று, தாயை இழந்த கன்று ஒன்று. இரண்டையும் சேர்க்க வேண்டும். அந்நியக் கன்றைப் பசு முட்டித் தள்ளும். அதனால் இறந்த கன்றின் தோலை உரித்து, கால்களுக்குத் துளை விட்டு, அநாதைக் கன்றின் முதுகில் கயிற்றால் கட்டுவார்கள். நம் ஊரில் வைக்கோல் திணித்த தோல் கன்றைக் காட்டிப் பால் கறப்பார்கள். இங்கே பால் குடிக்கப்போவது உயிருள்ள இன்னொரு கன்று. பசு மோந்து பார்க்கும், உதைக்கும், மறுபடி மோந்து பார்க்கும். சில நாட்கள் போனபின் தோலை அவிழ்த்துவிடலாம்.

இந்தக் காட்சியில் உங்கள் நாயகர்கள் இருவரையும் வையுங்கள். அவர்கள் பெயர் வெஸ், மாத்தேயோ என்று வைத்துக்கொள்வோம். வெஸ் தோலை உரிக்கட்டும், மாத்தேயோ கன்றைப் பிடித்துக்கொள்ளட்டும். எனக்குத் தோன்றும் வடிவம் இது:

“இறுக்கிக் கட்டாதே. மூச்சு முட்டும்.”

“தளர்ந்தால் உதறிவிடும்.”

“உதறட்டும். மறுபடி கட்டலாம். விடியும்வரை இங்கேதானே இருக்கப்போகிறோம்.”

வெஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினான்.

இங்கே யாரும் காதலைச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. பசு கன்றை ஏற்றுக்கொண்டதைக் காட்டிவிட்டு, ‘வெஸ்ஸுக்குத் தன் வாழ்க்கை நினைவுக்கு வந்தது’ என்று ஒரு வரி சேர்க்கக் கை துடிக்கும். சேர்க்காதீர்கள். இந்த மனிதர்கள் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் அல்லர். வண்டியில் இருவரும் சாலையைப் பார்த்தபடி இருக்கும்போதுதான் பேச்சு வரும். முக்கியமான பேச்சுகளை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் ஏற்பைப் பற்றி. ஊர் மொத்தமாகக் கூடி ஏற்றுக்கொள்வதில்லை, ஒவ்வொருவராகத்தான் வருவார்கள். அதற்கு ஏற்ற நாள் கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். அன்று அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூலியில்லாமல் உதவிக்கு வருவார்கள். அடுத்த வாரம் நீங்கள் அவர்கள் பண்ணைக்குப் போவீர்கள். இருவரும் சேர்ந்து வாழ்வது ஊருக்குத் தெரிந்த பிறகு வரும் முதல் வசந்தத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை? வந்தவர்களில் ஒருவர், வாய் திறந்து எதுவும் சொல்லாமல், மதியச் சாப்பாட்டின்போது தட்டை எடுத்துக்கொண்டு மாத்தேயோவின் பக்கத்தில் போய் உட்காரட்டும். ஒருவர் மட்டும் கடைசிவரை வர வேண்டாம். எல்லோரையும் திருத்திவிட்டால், திருந்தாத உறவினரோடு வாழும் வாசகருக்கு நீங்கள் பொய் சொல்லியதாகிவிடும்.

தன்னைப் போன்றவர்களையும் அவன் பார்க்க வேண்டும். தன்பாலீர்ப்பாளர்களுக்கான ரோடியோ, அதாவது கௌபாய்களின் குதிரை, மாட்டு விளையாட்டுப் போட்டி, 1976இல் நெவாடாவின் ரீனோ நகரில் தொடங்கியது. அவற்றுக்கான சர்வதேச அமைப்பு 1985இல் உருவானது. எல்லாப் போட்டிகளிலும் ஆண், பெண் இருபாலரும் கலந்துகொள்ளலாம். இருவர் ஓடிப்போய் ஆட்டுக்கு ஜட்டி மாட்டிவிடும் போட்டிகூட உண்டு. வருடக்கணக்கில் சிரிக்காத ஒருவனை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

முடிவில் இருவரில் ஒருவரைக் கொல்லாதீர்கள். இந்த வகைக் கதையின் வாசகர்கள் நம்பிக்கையான முடிவை எதிர்பார்த்தே வாங்குகிறார்கள். சாவை அவர்கள் செய்தித்தாளிலேயே போதுமான அளவு படித்துவிட்டார்கள். திருமணம் வைத்தால் நல்லது. அதைவிட எனக்குப் பிடித்தது, மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறியை இருவர் பெயரிலும் பதிவு செய்வது. வயோமிங்கில் அதற்கென்றே கால்நடை வாரியம் இருக்கிறது. அதிகாரி படிவத்தைப் பார்க்கிறார், இரண்டு பெயர்களையும் படிக்கிறார், எழுத்துக்கூட்டுச் சரிதானா என்று கேட்கிறார். அவ்வளவு போதும்.

எழுதி முடித்ததும் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் மாடு வளர்த்தவர், இன்னொருவர் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண். இருவரும் ஒரே பக்கத்தில் நெருடுகிறது என்று சொன்னால், அந்தப் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.