சொதிப் பந்தியில் ‘போதும்’ எப்போது கேட்கும்?

“இன்னும் ஒரு கரண்டி விட்டுக்கிடுங்க” என்று பரிமாறுகிறவர் நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியது வயிறு. அது தாமதமாகத்தான் பேசும். இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்கிறது. உணவு சிறுகுடலில் இறங்கிய பிறகே நிறைவுக்கான ஹார்மோன்கள் ஏறும். வயிறு நிறைந்தது தெளிவாகத் தெரிய ஏறக்குறைய 15–20 நிமிடம் ஆகும். தேங்காய்ப்பால் குழம்பான சொதியை ஊற்றிய சோறோ மெல்லாமலே இறங்கிவிடும்.

எடை கூடியவர்களுக்குப் பசி, நிறைவு, இதயத்துடிப்பு போன்ற உடம்பின் உட்சைகைகள் சற்று மங்கலாகத் தெரிவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மங்கியதால் எடை கூடியதா, கூடியதால் மங்கியதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதனால் இந்தச் சைகைகளைக் கவனிக்க இங்கே சொல்லும் பயிற்சியை எடை குறைக்கும் வைத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் இதயத்துடிப்பு. 10 நிமிடம் ஓய்வாக உட்கார்ந்த பின், நாடியைத் தொடாமல் 1 நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். அடுத்த நிமிடம் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணி ஒப்பிடுங்கள். ‘எப்படியும் 70 இருக்கும்’ என்று ஊகித்து எழுதுவதுதான் இதில் பெரிய தவறு. ஒன்றும் உணரவில்லையா, 0 என்றே எழுதுங்கள். துடிப்பு நன்றாகத் தெரிகிறவருக்கு வயிறும் தெரியும் என்று கிடையாது. ஆகவே முக்கியமான பயிற்சி இலை முன்னால்தான்.

உட்காரும் முன் பசிக்கு எண் கொடுங்கள்: 0 என்றால் வயிறு காய்ந்து தலை கிறுகிறுக்கிறது, 10 என்றால் மூச்சு முட்டுகிறது. 3-இல் தொடங்கி 7-இல் நிறுத்தப் பாருங்கள். முதல் சோறு முடிந்ததும் 2 நிமிடம் கையை இலையிலிருந்து எடுத்துவிடுங்கள். இப்போது வெறும் மோர்ச்சோறு வைத்தாலும் சாப்பிடத் தோன்றுகிறதா? அப்படியானால் பசி மிச்சம் இருக்கிறது. சொதியும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் மட்டும்தான் இழுக்கிறதென்றால், கேட்பது நாக்கு. எழுந்து 20 நிமிடம் கழித்து மறுபடி எண் எழுதுங்கள். 7 என்று நிறுத்தியது 9 ஆகியிருந்தால், மறுநாள் 6-இலேயே எழுந்துவிடுங்கள். இரண்டு வாரம் எழுதினால் உங்கள் தாமதம் எவ்வளவு என்று பிடிபடும்.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் கவனம். பசியோடு கைநடுக்கமும் வியர்வையும் வந்தால் எண் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை அளவு 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

அல்வாவுக்கு இந்த முறை உதவாது. நெய்யும் சீனியும் நிறைந்த 100 கிராம் துண்டு இரைப்பையை அவ்வளவாக விரிக்காது. வயிறு எச்சரிக்கும் முன் இலை காலியாகிவிடும். அதை மட்டும் முன்கூட்டியே 50 கிராமாக அறுத்து வைத்துக்கொண்டு, மீதியை மூடிவிடுங்கள்.