வீடு தேடி வரும் நோனிச் சாற்றை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நோனி என்ற பழத்தின் சாற்றை விற்க வீட்டுக்குக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். ஒன்றுவிட்ட அக்காவாகவோ, முன்பு உடன் பணியாற்றியவராகவோ, பிள்ளையின் வகுப்புத் தோழனுடைய தாயாராகவோ இருப்பார். வேண்டாம் என்று சொன்னால் உறவு கசந்துவிடுமோ என்ற தயக்கத்திலேயே பலர் முதல் புட்டியை வாங்கிவிடுகிறார்கள். ஆகையால் அன்றைக்கே முடிவு சொல்லாதீர்கள். புட்டியின் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, விலையையும் குறித்துக்கொண்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாக அனுப்பி வையுங்கள்.

வந்தவர் மூன்று சரக்குகளை ஒரே மூச்சில் விற்கிறார் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஒன்று பானம், இன்னொன்று மருந்து, மற்றொன்று ஆள் சேர்த்து விற்கும் தொழில். மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எதற்குப் பணம் கேட்கிறார்கள் என்பது விளங்கும்.

பானத்திலிருந்து தொடங்குவோம். நோனி என்பது பசிபிக் தீவுகளிலும் தெற்காசியாவிலும் வளரும் ஒரு மரத்தின் பழம். நம் ஊர் வேலியோரங்களில் மஞ்சணத்தி என்றும் நுணா என்றும் அழைக்கப்படும் மரத்துக்கு நெருங்கிய உறவு. 1996இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கப்பட்ட மொரிண்டா நிறுவனம் இதைத் தஹீட்டித் தீவின் பெயரால் உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் மங்குஸ்தான், அசாயி என்று வேறு பழங்களின் சாறுகளும் இதேபோல் ஆள் சேர்த்து விற்கப்பட்டன.

புட்டியின் சீட்டில் உட்பொருள்களின் வரிசையைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது உணவுச் சட்டத்தின் விதி. முன்பக்கத்தில் நோனியின் படம் இருந்தாலும், பின்பக்கத்தில் தண்ணீரோ, திராட்சைச் சாறோ, ஆப்பிள் சாறோ முதலில் இருக்குமானால், நீங்கள் பெரும்பகுதி பணம் கொடுப்பது அதற்குத்தான். 100 மில்லிலிட்டரில் சர்க்கரை எவ்வளவு என்பதையும் பாருங்கள். 14 இலக்க உரிம எண்ணைக் காட்டி, அரசே அங்கீகரித்த மருந்து என்று சிலர் சொல்வதுண்டு. அந்த எண் உணவு வணிகம் நடத்தும் உரிமத்தைக் குறிப்பதேயன்றி, நோய் தீரும் என்பதற்குச் சான்று அன்று. 2016ஆம் ஆண்டின் இந்திய உணவு ஒழுங்குமுறைகளின்படி, துணை உணவாக விற்கப்படும் பொருளின் சீட்டில் அது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற வாசகமே இருக்க வேண்டும். அந்த வரியைத் தேடிப் பிடித்து, விற்பவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு கணக்கு. காலையும் மாலையும் 30 மில்லிலிட்டர் குடிக்கச் சொன்னால், 750 மில்லிலிட்டர் புட்டி பன்னிரண்டரை நாளில் தீர்ந்துவிடும். புட்டியின் விலை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு மாதம் 2,880 ரூபாய். கணவனும் மனைவியும் குடித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 69,000 ரூபாய். உங்கள் புட்டியின் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து, மாதந்தோறும் பழத்துக்குச் செலவிடும் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வைட்டமின் சி தான் நோக்கம் என்றால், ஒரு கொய்யாப்பழமே ஒரு நாளைய தேவைக்கு மேல் கொடுத்துவிடும், நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். அடர்நிறப் பழங்களின் நிறமிச் சத்து வேண்டுமென்றால் ஆடி மாதத்தில் நாவல் கூடை கூடையாக வருகிறது.

இந்தச் சாறுகளின் விளம்பரங்களில் ஓராக் என்ற ஓர் எண் அடிக்கடி தலைகாட்டும். உடலின் செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் என்று சொல்லப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றல் ஒரு பொருளில் எவ்வளவு என்பதைச் சோதனைக் குழாயில் அளந்து சொல்லும் எண் அது. அமெரிக்க வேளாண் துறை பல உணவுகளுக்கான ஓராக் பட்டியலை வெளியிட்டிருந்தது; ஆனால் குழாயில் கிடைக்கும் அளவு மனித உடலில் நிகழும் விளைவைக் காட்டுவதில்லை என்றும், வணிகர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் கூறி, 2012இல் அந்தத் துறையே பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பழத்தில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்களில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் உருமாறிவிடுகிறது. குடித்த அளவு அப்படியே இரத்தத்தில் போய்ச் சேர்வதில்லை. எனவே, யாராவது அந்த எண்ணைக் காட்டினால் அது பத்தாண்டுக்கு முன்பே கைவிடப்பட்ட அளவுகோல் என்று தயங்காமல் சொல்லலாம்.

இனி மருந்து என்ற பேச்சு. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். என் தாய்மாமாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சாறு குடிக்கத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில், விற்றவர் சொன்னார் என்று மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். வீட்டில் எவருக்கும் தெரியாது. கால் புண் ஆறவில்லை என்று மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. விற்றவரும் கெட்டவர் அல்லர். விற்பனையாளர் கூட்டத்தில் கேட்டதை உண்மையென்று நம்பியே சொன்னார்.

நோய் தீர்க்கும் என்ற பேச்சு புதிதன்று. 1998இலேயே அரிசோனா, கலிபோர்னியா, நியூ ஜெர்சி, டெக்சஸ் ஆகிய 4 மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் ஆதாரமற்ற நோய் தீர்ப்பு விளம்பரங்களுக்காக மொரிண்டா நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தார்கள். நிறுவனமும் அவற்றைக் கைவிட ஒப்புக்கொண்டது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் நோனிச் சாற்றை உணவாக விற்க அனுமதித்தது. ஆனால் அதற்கு முன் ஆராய்ந்த அறிவியல் குழு, மற்றப் பழச்சாறுகளைவிட இதற்குத் தனிப்பட்ட நலன் உண்டு என்பதற்கு, தரப்பட்ட தரவுகளில் சான்று இல்லை என்று எழுதியது. இந்தியாவிலும் சர்க்கரை நோய், புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடுக்கிறது.

சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் சிறுநீரகம் பழுதுபட்ட ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வெளியானது. பொட்டாசியம் குறைந்த உணவையே உண்பதாகச் சொன்ன அவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்துகொண்டே போனது. விசாரித்ததில் அவர் நோனிச் சாறு குடித்துவந்தது தெரிந்தது. அளந்து பார்த்தபோது லிட்டருக்கு ஏறத்தாழ 2,200 மில்லிகிராம் பொட்டாசியம் இருந்தது. ஆரஞ்சுச் சாற்றில் உள்ள அளவுக்கு நிகர். வேளைக்கு 30 மில்லிலிட்டர் வீதம் இரண்டு வேளை என்றால் உடலில் சேர்வது கொஞ்சம்தான். ஆனால் குணம் தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டுங்கள் என்பதே விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். பழுதுபட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆஸ்திரியாவில் நோனி குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக 2005இல் செய்திகள் வந்தன. அதற்கு நோனி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006இல் கூறியது. இருப்பினும் கல்லீரல் நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரிடம் புட்டியைக் காட்டாமல் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம்.

மூன்றாவது, தொழில். உங்களையும் விற்பனையாளராகச் சேரச் சொன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கீழே ஆள் சேர்க்காமல், வெளியாருக்குப் புட்டி விற்று மட்டும் போன மாதம் எவ்வளவு கிடைத்தது? இந்தியாவில் 2021 டிசம்பரில் வெளியான நேரடி விற்பனை விதிகளின்படி, சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிடுத் திட்டம் கூடாது. விற்பனையாளர் அடையாள அட்டையும் முன்னனுமதியும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் அலுவலர்கள் இத்தகைய 70 நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட குறிப்பின்படி, சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. அதிலிருந்து அவர்களுடைய செலவைக் கழிக்கவும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் சுவைக்காக ஒரு புட்டி வாங்கத் தோன்றினால், நோயில்லாதவர் வாங்கிக் குடிப்பதில் பெரிய தவறில்லை. ரசீது கேட்டு வாங்குங்கள், மாத்திரையில் கைவைக்காதீர்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால், சாற்றைக் குறை சொல்லாமல், "அக்கா, மாசச் செலவில் இதற்கு இடமில்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதோடு நிறுத்தாமல் அவர் எவ்வளவு சரக்கு வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார் என்றும் அன்போடு விசாரியுங்கள். சேர்ந்து சில நாள்களே ஆகியிருந்தால் அபராதமின்றி ஒப்பந்தத்தை ரத்து செய்யும் காலக்கெடுவை விதிகள் அவருக்குத் தந்திருக்கின்றன. ஒப்பந்தத் தாளை வாங்கி, அந்தத் தேதி கடந்துவிட்டதா என்று அவருடன் உட்கார்ந்து பாருங்கள். நிறுவனம் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அவரையே பேச வையுங்கள்.